பிழையும் இல்லை, விடையும் இல்லை!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சித்தூரில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு பெண் மடிக்கணிப்பொறியும் கையுமாக வீட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். இப்போது திருப்பதியில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு. அவர்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான்.

"மாமா, நாலு நாளா இந்தப் புரோகிராமோட மல்லாடறேன். பிழை ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்லுது. ஆனா ஓட்டினா திரை கறுப்பாவே நிக்குது. புதன்கிழமை செய்முறைத் தேர்வு. இந்தப் படிப்பு எனக்கு வராது போலிருக்கு" என்றாள். குரல் கம்மியிருந்தது.

நம் அன்பர்களின் வீடுகளிலும் இப்படித் திணறும் பிள்ளைகள் இருக்கக்கூடும். அன்று அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாம் எழுதும் புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். அது பார்ப்பது இலக்கணத்தை மட்டுமே. "கல் பால் குடித்தது" என்று எழுதினால் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் சரியாகவே இருக்கின்றன, பொருள்தான் இல்லை. "பிழை பூஜ்யம்" என்று கம்பைலர் சொன்னால், வாக்கிய அமைப்பு சரி என்பது மட்டுமே அதன் பொருள். நினைத்தது நடக்கும் என்று அது உறுதி கூறுவதில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி, பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாடநூலின் தொடக்கத்திலேயே, சில சொற்களை அச்சிடும் சின்னஞ்சிறு புரோகிராமைத் தருகிறார்கள். அங்கே கற்பவர் தாண்ட வேண்டிய தடைகளுள் ஒன்றாக, விடை எங்கே போய்ச் சேர்ந்தது என்று கண்டறிவதையும் சேர்த்திருக்கிறார்கள்!

விடை வராதபோது வரிசையாகக் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

முதல் கேள்வி: புரோகிராம் உண்மையில் ஓடியதா? கம்பைல் செய்வது வேறு, ஓட்டுவது வேறு. டர்போ சியில் ஆல்ட், எஃப்9 விசைகள் கம்பைல் மட்டுமே செய்யும். கண்ட்ரோல், எஃப்9 அழுத்தினால்தான் ஓடும். ஓடி முடிந்து, விடைத்திரை கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்திருக்கவும் கூடும். ஆல்ட், எஃப்5 அழுத்தினால் அத்திரை மீண்டும் தெரியும்.

இரண்டாம் கேள்வி: அது உங்களுக்காகக் காத்திருக்கிறதா? ஸ்கேன்எஃப் வரிக்கு வந்த புரோகிராம், நீங்கள் எண்ணைத் தட்டும்வரை வாய் திறக்காது. "எண்ணைக் கொடு" என்று முன்னால் ஒரு வரி அச்சிடாவிட்டால், அது உங்களுக்காகவும் நீங்கள் அதற்காகவும் காத்துக் கிடப்பீர்கள்.

மூன்றாம் கேள்வி: எழுதிய பகுதியை யாராவது அழைத்தார்களா? அச்சிடும் வேலையைத் தனி ஃபங்ஷனாக எழுதிவிட்டு, மெயின் பகுதியிலிருந்து அதை அழைக்க மறந்துவிடுவதுண்டு. சமையல்காரரை ஏற்பாடு செய்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லாத கதைதான்.

நான்காம் கேள்வி: விடை வழியில் தங்கிவிட்டதா? பிரிண்ட்எஃப் தரும் எழுத்துகள் பல சமயம் நேரே திரைக்குப் போவதில்லை. பஃபர் என்ற இடத்தில் சேர்ந்து நிற்கும். திருப்பதி பேருந்து நிலையத்துக்கு வெளியே நிற்கும் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் நிரம்பினால்தான் புறப்படும். அதற்குள் புரோகிராம் இடையில் முறிந்துவிட்டால், பஃபரில் இருந்தது போனதுதான். எஃப்ஃபிளஷ் கட்டளை, "இருப்பவர்களோடு இப்போதே கிளம்பு" என்று சொல்வது போன்றது.

இவற்றிலும் பிடிபடாவிட்டால் என்ன செய்வது? காட்பாடியிலிருந்து சித்தூர், பாக்காலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு வரும் ரயில் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வழி நெடுக நடந்தா தேடுவோம்? நடுவில் பாக்காலாவுக்குத் தொலைபேசியில் கேட்போம். கடந்துவிட்டது என்றால் சிக்கல் அதற்கு இப்பால். இல்லை என்றால் அப்பால். ஒரே கேள்வியில் பாதி வழி கழிந்துவிடும். புரோகிராமிலும் அப்படியே நடுநடுவே 1, 2, 3 என்று அச்சிடும் வரிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் அடுத்து எஃப்ஃபிளஷ் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். எந்த எண்ணோடு நின்றதோ, அதற்கு அடுத்துத்தான் கோளாறு.

அந்தப் பெண்ணுடையது ஐந்து பாட மதிப்பெண்களின் சராசரி காணும் புரோகிராம். முதல் நான்கு கேள்விகளிலும் ஒன்றும் சிக்கவில்லை. ஐந்து எண்களைத் தட்டியும் திரை அசையவில்லை. என் சொற்படி மூன்று இடங்களில் எண் அச்சிடச் செய்தாள். 1 வந்தது, 2 வந்தது, 3 வரவில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருந்தது ஒரே ஒரு வொயில் வரி. நான் வாய் திறக்கவில்லை. அவளே உற்றுப் பார்த்து, "ஐயோ மாமா, இங்க அரைப்புள்ளி வச்சிருக்கேன்!" என்று கத்தினாள்.

வொயில் நிபந்தனையின் முடிவில் அரைப்புள்ளி வைத்தால், வெறும் ஒன்றுமில்லாததைத் திரும்பத் திரும்பச் செய் என்று பொருளாகிவிடும். கணிப்பொறி அதைத்தான் அலுக்காமல் செய்துகொண்டிருந்தது. இலக்கணப்படி அது தவறில்லை. ஆகவே பிழை என்று கம்பைலர் சொல்லவில்லை. எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் காட்டும்படி அமைத்துக்கொண்டால், இன்றைய கம்பைலர்கள் இத்தகைய இடங்கள் பலவற்றைச் சுட்டிக்காட்டிவிடும். எச்சரிக்கைதானே என்று தள்ளிவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கும் இது நேர்கிறது. திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணம் நடந்தது. பள்ளி மாணவிகள் பங்குகொண்டு உருவாக்கிய ஆசாதிசாட் செயற்கைக்கோளும் அதில் இருந்தது. 356 கி.மீ. வட்டப்பாதைக்குப் பதில் 356க்கு 76 கி.மீ. நீள்வட்டப் பாதையில் போய்ச் சேர்ந்ததால் செயற்கைக்கோள்கள் பயன்படாமல் போயின. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வைக் கண்டு, உணர்விகள் பழுது என்று ராக்கெட்டில் இருந்த கணிப்பொறித் தருக்கம் முடிவு செய்துவிட்டது என ஆய்வில் தெரிந்தது. இன்ன கட்டம் வரை சரி, இன்ன இடத்தில் தவறு என்று தேடிக் கண்டு திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று அடுத்த ராக்கெட் வெற்றி பெற்றது. ஆசாதிசாட்டின் இரண்டாம் பதிப்பும் அதில் விண்ணுக்குச் சென்றது.

அந்தப் பெண் புதன்கிழமை மாலை வீட்டு வாசலில் நின்றபடியே, "விடை வந்துடுச்சு மாமா" என்றாள். தேர்வில் முதலில் வரவில்லையாம். 1, 2, 3 போட்டுத் தானே கண்டுபிடித்தாளாம். எனக்கு அதுதான் பெரிய மகிழ்ச்சி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்திருந்தால், "படிக்கத் தெரியவில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். "எதுவரைக்கும் சரியாக வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்குக் கணிப்பொறி தெரிந்திருக்க வேண்டியதில்லை.