ஐந்தே ஐந்து விமானங்கள்

2025 ஜனவரியில் நானும் என் மனைவியும் பேத்தியைப் பார்க்க நியூசிலாந்து போயிருந்தோம். திரும்பி வந்ததிலிருந்து, முருகன் கோயிலில் பார்க்கிற சங்க நண்பர்கள் எல்லாம் "ஊர் எப்படி, ஏரி எப்படி, மலை எப்படி" என்று விசாரிக்கிறார்கள். ஏரியும் மலையும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது வேறொரு விஷயம். நமது இதழாசிரியரிடம் அதைப் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "எழுதிக் கொடுத்துவிடுங்கள், சார்" என்று பிடித்துக்கொண்டார். ஆகவே வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இது சுற்றுலாக் கட்டுரை அல்ல. சரக்கு விமானங்களைப் பற்றியது.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தாம்பரத்தில் பயிற்சி முடித்து இந்திய விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். கடைசிப் பத்து ஆண்டுகள் இதே சண்டிகரில், ஏ.என்.-32 விமானங்களோடு. ஓய்வு பெற்ற பின் இங்கேயே தங்கிவிட்டேன். இன்றும் தலைக்கு மேல் ஒரு டர்போபிராப் விமானம் போனால் கையில் இருக்கும் காபியை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். இந்த வியாதிக்கு என் மனைவி மருந்து தேடுவதை நிறுத்திப் பல காலம் ஆயிற்று.

மகள் வீடு ஆக்லாந்து நகரின் வடமேற்கில், ஹாப்சன்வில் என்ற இடத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே வெனுவாபாய் விமானப்படைத் தளம். ஜனவரி கடைசியில் ஒரு நாள் காலை அந்த ஒலி கேட்டது. நான்கு என்ஜின்கள் சேர்ந்து ஊமைக் கோபத்தோடு உறுமுகிற ஒலி. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். தெருவில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் நிமிர்ந்து நின்று நெற்றிக்குக் கை கொண்டுபோய்விட்டார். பறந்தது பழைய சி-130எச் ஹெர்குலிஸ். பிரியாவிடைப் பயணம்!

அந்தப் பெரியவர் அதே விமானங்களில் லோட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் யார் என்று சொன்னதும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார். அடுத்த மூன்று வாரங்களும் எனக்குப் பொழுது போனதே தெரியவில்லை.

அவர் சொன்னதிலும் நான் படித்து அறிந்ததிலும் சுருக்கம் இது. நியூசிலாந்து 1965 இல் மூன்று ஹெர்குலிஸ் வாங்கியது. உலகத்தில் கட்டப்பட்ட முதல் சி-130எச் விமானங்களே அவைதாம். 1960களின் இறுதியில் இன்னும் இரண்டு. ஆக மொத்தம் ஐந்து. இந்த ஐந்தும் அறுபது ஆண்டுகளில் ஒன்றரை லட்சம் மணி நேரத்துக்கு மேல் பறந்திருக்கின்றன. 2001 இல் அந்த நாடு தன் ஸ்கைஹாக் போர் விமானங்களையே வேண்டாம் என்று கலைத்துவிட்டது. சண்டை போட விமானம் இல்லாத அந்த விமானப்படைக்குச் சரக்கு விமானம்தான் முதுகெலும்பு.

மாப்பிள்ளை ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார். "ஐந்தே விமானமா, மாமா? நம்ம ஊரில் ஏ.என்.-32 மட்டுமே நூறு இருக்கும் என்பீர்களே?"

"ஐந்து இல்லை, மாப்பிள்ளை. இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்."

அவருக்குச் சொன்ன கணக்கை வாசகர்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் சிறிய விமானப்படையின் கஷ்டம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஐந்தில் ஒன்று பெரிய சர்வீசிங்கில், ஹாங்கருக்குள் அக்கு அக்காகப் பிரிந்து கிடக்கும். இன்னொன்று சின்ன சர்வீசிங்கில் இருக்கும், அல்லது ஒரு உதிரிபாகத்துக்காகக் காத்து நிற்கும். மூன்றாவது, புதிதாக வந்த விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்விடும். பயிற்சியை நிறுத்தினால் நாளைக்கு ஓட்ட ஆள் இருக்காது. மிச்சம் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஏதாவது ஒரு விளக்கைச் சிவப்பாக எரியவிடும். நூறு விமானம் இருக்கிற இடத்தில் ஒன்று நின்றால் கோப்பில் ஒரு வரி. ஐந்து இருக்கிற இடத்தில் ஒன்று நின்றால் படையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று.

நூறு இருந்த இடத்திலேயே நான் பட்டது எனக்குத் தெரியும். ஏ.என்.-32 சோவியத் யூனியனில், உக்ரைனில் கட்டப்பட்டது. 1991 இல் அந்த யூனியனே உடைந்தது. உதிரிபாகம் அனுப்ப வேண்டியவர்கள் ஒரே இரவில் வேறொரு நாடாகிவிட்டார்கள். அதற்கடுத்த குளிர்காலத்தில் எங்கள் வரிசையில் பல விமானங்கள் ஏ.ஓ.ஜி., அதாவது பறக்க முடியாமல் தரையில். லடாக்கில் ஒரு தளத்திலிருந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்ட ஒரு ஜவானைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று செய்தி வந்தது. போக வேண்டிய விமானத்தின் வலது என்ஜினில் எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி பழுது. ஸ்டோரில் கருவி இல்லை. நின்றுகொண்டிருந்த மற்றொரு விமானத்திலிருந்து அதைக் கழற்றி இதில் மாட்டினோம். தை மாதக் குளிர், ராத்திரி முழுக்க ஏணியின் மேல். ஏ.என்.-32 இல் என்ஜின் இறக்கைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் என்பதால் ஏணி கொஞ்சம் உயரம். விடியற்காலை நான்கு மணிக்கு என்ஜின் ஓடிற்று. ஆனால் லடாக்கில் மேகம் இறங்கிவிட்டது. அங்கே காற்றும் வெயிலும் ஏறுவதற்குள், முற்பகலிலேயே இறங்கிக் கிளம்பிவிட வேண்டும். அன்று முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை. மூன்றாம் நாள் விமானம் போனபோது அவரைப் படுக்கையில் கொண்டுவர வேண்டிய தேவை இருக்கவில்லை.

முதல் நாள் செய்தி வந்த அந்த மத்தியானமே ஒரு விமானம் தயாராக நின்றிருந்தால் மறுநாள் மேகத்துக்கு முன்பே போயிருக்கலாமா என்று இன்றைக்கும் கணக்குப் போடுகிறேன். அதனால்தான் இந்த விஷயம் எனக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல.

நியூசிலாந்துக்கு மேகம் இருக்கிற இடம் அண்டார்டிகா. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மக்மர்டோ பனி ஓடுதளத்துக்கு ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர். சண்டிகரிலிருந்து கன்னியாகுமரியே நேர்கோட்டில் 2,500 தான். நடுவில் இறங்க ஒரு திட்டு நிலம் கிடையாது. ஹெர்குலிஸுக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். பாதி வழிக்கு மேல் ஓர் இடம் வரும். அதைத் தாண்டினால் திரும்பிவர எரிபொருள் போதாது. வானிலை எப்படி இருந்தாலும் அங்கேதான் இறங்கியாக வேண்டும். லோட்மாஸ்டர் பெரியவர் சொன்னார், அந்த இடத்தை நெருங்கும்போது விமானத்தில் பேச்சுச் சத்தம் தானாகக் குறைந்துவிடுமாம்.

2013 அக்டோபர் 7 ஆம் தேதி அப்படித்தான் ஆயிற்று. போனது ஹெர்குலிஸ் அல்ல; அதே விமானப்படையின் போயிங் 757. உள்ளே 130 பேர். திரும்பும் எல்லையைத் தாண்டிய பிறகு ஓடுதளத்தை மூடுபனி மூடிவிட்டது. சுமார் இரண்டு மணி நேரம் வட்டமடித்தார்கள். கடைசியில், அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சப் பார்வைத் தூரம்கூட இல்லாத நிலையில் இறக்கினார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை. 1979 இல் எரிபஸ் மலையில் மோதி 257 பேரைப் பறிகொடுத்த நாடு அது. அந்தச் செய்தியை அவர்கள் எப்படிப் படித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய ஹெர்குலிஸுக்கு மாற்று தேடிய கதை நீளமானது. முதலில், புதிது வேண்டாம், பழையதையே புதுப்பிப்போம் என்று 2004 இல் ஒரு கனடா நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். நம் ஊரில் பழைய வீட்டை இடித்துக் கட்டலாமா, பூசி வெள்ளையடிக்கலாமா என்று யோசிப்பது போலத்தான். பூச்சு வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

அதற்குள் ஒரு பெரிய வாய்ப்பு வந்து போயிற்று. அமெரிக்காவின் சி-17 விமானம் 77 டன் சுமக்கும். அண்டார்டிகாவுக்கு ஐந்து மணி நேரத்தில் போகும். போயிங் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தும் முன், வாங்குபவர் இல்லாமலேயே கடைசிப் பத்து விமானங்களைக் கட்டி வைத்திருந்தது. நியூசிலாந்து இரண்டு வாங்கலாமா என்று ஆலோசித்தது. ஆலோசித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்திரேலியா இரண்டைக் கொண்டுபோயிற்று, மற்றவர்களும் வந்து எடுத்துக்கொண்டார்கள். 2015 நவம்பரில் லாங் பீச் தொழிற்சாலையிலிருந்து கடைசி விமானம் வெளியேறியது. விற்காமல் டெக்சாஸில் நின்ற ஒன்றை இறுதியில் வாங்கியது யார் தெரியுமா? நாம்தான்! 2019 ஆகஸ்டில் வந்த இந்தியாவின் பதினோராவது சி-17 அதுதான்.

இதை நான் சொன்னதும் பெரியவர், "எங்கள் விமானத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்" என்று பொய்க்கோபம் காட்டினார். அவருக்கு அது தீராத குறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டே சி-17 வைத்திருந்தால் ஒன்று சர்வீசிங்கில் இருக்கும் நாளில் நாட்டுக்கு மிஞ்சுவது ஒன்று. அந்த ஒன்றின் சக்கரத்தில் கோளாறு என்றால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இந்த வாதத்தில் நாங்கள் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

பிறகு மேசைக்கு வந்தவை நான்கு. ஐரோப்பாவின் ஏ-400எம், 37 டன், அகலமான வயிறு. ஆனால் அதன் என்ஜின் கியர்பாக்ஸ் தொல்லைகள் உலகப் பிரசித்தம். ஜப்பானின் சி-2, முப்பது டன்னுக்கு மேல் சுமக்கும் நல்ல விமானம். ஆனால் ஜப்பானைத் தவிர வேறு யாரும் வாங்கவில்லை. பிரேசிலின் கே.சி.-390, ஜெட் வேகம், 26 டன். அப்போதுதான் தொட்டிலில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான்காவது அதே ஹெர்குலிஸின் புது அவதாரம், சி-130ஜே.

2020 ஜூனில் நியூசிலாந்து ஐந்து சி-130ஜே-30 வாங்குவதாக அறிவித்தது. சிமுலேட்டர் உட்பட 152 கோடி நியூசிலாந்து டாலர். அன்றைய மதிப்பில் ஏழாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். பழைய ஐந்துக்குப் புது ஐந்து. 2024 இல் வந்து சேர்ந்தன.

என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். காரணம் வேகமும் அல்ல, டன்னும் அல்ல. ஏணி மேல் நின்றவனுக்கு முதலில் தோன்றும் கேள்வி, பாகம் எங்கே கிடைக்கும் என்பதுதான். சி-130ஜே பக்கத்து ஆஸ்திரேலியாவில் பறக்கிறது, அமெரிக்காவில் பறக்கிறது, நம் ஹிண்டனில்கூட 2011 முதல் பறக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு கருவி வேண்டும் என்றால் சிட்னிக்குப் போன் செய்யலாம். உலகத்திலேயே நாம் ஒருவர்தான் வைத்திருக்கிறோம் என்கிற பெருமை, பழுதான அன்று பெருமையாக இருக்காது.

குறைகளும் இல்லாமல் இல்லை. வயிறு பழையதைவிட நாலரை மீட்டர் நீளம் அதிகம். ஆனால் அகலமும் உயரமும் 1950களில் வகுத்தவைதான். நியூசிலாந்தின் என்.எச்.-90 ஹெலிகாப்டரை அதற்குள் சுலபமாக ஏற்ற முடியாது. 2016 இல் ஃபிஜித் தீவில் புயல் அடித்தபோது அந்த ஹெலிகாப்டர்கள் கப்பலில்தான் போயின. இன்னொன்று: சி-130ஜே இல் நேவிகேட்டர் இல்லை, ஃபிளைட் என்ஜினியரும் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர். எங்கள் இனத்துக்கு இது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. தேர்வு இன்றைக்கு நடந்திருந்தால் பிரேசில் விமானம் கடும் போட்டி கொடுத்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். போர்ச்சுகல், நெதர்லாந்து, ஆஸ்திரியா என்று சிறிய விமானப்படைகள் வரிசையாக அதைத் தேர்ந்தெடுத்துவிட்டன. நெதர்லாந்து கொடுப்பதும் பழைய சி-130எச், வாங்குவதும் ஐந்துதான்!

பெரிய விமானம் இல்லாத குறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெரியவர் டோங்காவுக்கு வந்துவிடுவார். 2022 ஜனவரி 15 அன்று அங்கே கடலடி எரிமலை வெடித்தது. குடிநீரில் எல்லாம் சாம்பல். ஓடுதளத்தில் படிந்த சாம்பலை ஆட்கள் கையால் பெருக்கித் தள்ளும்வரை எந்த விமானமும் இறங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் நியூசிலாந்தின் கிழட்டு ஹெர்குலிஸ் தண்ணீர்ப் பாத்திரங்களோடும் கூடாரங்களோடும் இறங்கியது. அப்போது அந்த வரிசை விமானங்களுக்கு வயது ஐம்பதுக்கு மேல்.

757 களின் கதையை முடித்துவிடுகிறேன். 2003 இல் வாங்கிய பழைய பயணிகள் விமானங்கள் அவை, மொத்தம் இரண்டு. 2016 இல் பிரதமர் ஜான் கீ இந்தியாவுக்கு வரும் வழியில் அது ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் படுத்துக்கொண்டது; அவருடைய மும்பை நிகழ்ச்சியே ரத்தாயிற்று. 2024 இல் அடுத்த பிரதமர் ஒருவரை ஜப்பான் போகும் வழியில் போர்ட் மோர்ஸ்பியில் இறக்கிவிட்டது. 2025 ஆகஸ்டில், அவற்றுக்குப் பதிலாக இரண்டு ஏர்பஸ் ஏ-321 எக்ஸ்.எல்.ஆர். எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். மாப்பிள்ளைதான் போனில் சொன்னார். "மறுபடியும் இரண்டுதான், மாமா. உங்கள் கணக்குப்படி எத்தனை?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஊருக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வெனுவாபாய் வேலி ஓரமாக நடந்தோம். தூரத்தில் புது சி-130ஜே மூன்று தெரிந்தன. சாம்பல் நிறம், ஆறு இதழ் புரொப்பல்லர், வெயிலில் மினுங்கிற்று. இரண்டின் மேல் யாரும் இல்லை. மூன்றாவதன் இடது வெளி என்ஜினின் மூடி திறந்திருந்தது. ஏணி சாத்தியிருந்தது, அதன்மேல் ஒரு பையன், முழங்கைவரை உள்ளே விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, குழந்தைக்கு வெயில் படுது, போகலாமா?" என்றாள் என் மனைவி.

"கொஞ்சம் இரு. அவன் இறங்கட்டும்" என்றேன்.