ஆகாய விமானப் பிரயாணமும் நம் கால்களும்

ஊருக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டு மாத்திரைகள்தான். வாந்தி வராமலிருக்க ஒன்று, தூங்கிப்போக ஒன்று. முதலாவதைக் கொடுத்து விடுவேன். இரண்டாவதைக் கொடுப்பதில்லை. "என்னாங்க டிரசர், நாலு மணி நேரந்தானே, கண்ணை மூடித் தூங்கிட்டா திருச்சி வந்துடும்" என்பார்கள். அந்த நாலு மணி நேரக் கணக்கில்தான் கோளாறு இருக்கிறது.

கணக்கைச் சரியாகப் போட்டுப் பாருங்கள். ஜாசினிலிருந்தோ அலோர் காஜாவிலிருந்தோ வேன் பிடித்து சிப்பாங் விமான நிலையம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், சாலை நெரிசலானால் இரண்டு மணி. அங்கே மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார வேண்டும். பிறகு விமானத்தில் நாலு மணி. திருச்சியில் இறங்கிய கையோடு உறவுக்காரர் கொண்டுவந்த காடியில் ஏறினால் கிராமத்துக்கு இன்னும் இரண்டு மணி. ஆக மொத்தம் பத்து மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப் போட்டபடியே இருக்கிறோம். லண்டனில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்கோ விமானத்தில் மட்டுமே 13, 14 மணி நேரம்.

உட்கார்ந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். இருதயம் இரத்தத்தைக் கீழே காலுக்குத் தள்ளி விடுகிறது. அது மறுபடி மேலே ஏறி வருவதற்குக் கெண்டைக்கால் சதைதான் முக்கிய உதவி. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அந்தச் சதை சுருங்கி, உள்ளேயிருக்கும் இரத்தக் குழாய்களைப் பிழிந்து, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டுகிறவருக்கு இது தானாகவே நடக்கும். அசையாமல் உட்கார்ந்து விட்டால் இரத்தம் காலிலேயே தேங்கும். மங்கில் தேங்கிய பால் நேரமானால் கட்டிப்பால் ஆவதைப்போல, தேங்கிய இரத்தமும் சில பேருக்கு உறைந்து கட்டியாகி விடும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இது விமானம் வந்த பிறகு வந்த வியாதி அல்ல. 1940-இல் லண்டனில் குண்டு விழுந்தபோது ஜனங்கள் இரவெல்லாம் பதுங்கிடங்களில் துணி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். அப்படித் தூங்கியவர்களில் சிலர் திடீரென்று இறந்து போனதை கீத் சிம்சன் என்ற டாக்டர் கவனித்து எழுதினார். நாற்காலியின் முன்சட்டம் தொடைக்குப் பின்னால் அழுத்தி இரத்தத்தைத் தடுத்திருக்கிறது. நம் பெரியவர்கள் ராஜுலா கப்பலில் ஏழெட்டு நாள் டெக்கில் கிடந்து வந்த கதையைச் சொல்வார்கள். அந்தப் பயணத்தில் இல்லாத கஷ்டமில்லை. ஆனால் பாய் விரித்துக் காலை நீட்டிப் படுக்கலாம், இஷ்டப்படி எழுந்து நடக்கலாம். விமானத்தில் அதுதான் முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சி முடிவுப்படி, நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பிரயாணம் செய்தால் இந்த ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது. விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், காடி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பயந்துபோய் டிக்கெட்டை ரத்து செய்து விடாதீர்கள். இரண்டு மடங்கு என்றாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. அந்த ஒருவர் யாராக இருக்கக்கூடும் என்பதைத் தெரிந்து கொள்வதுதான் முக்கியம். முன்பே இரத்தக் கட்டி வந்தவர்கள், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில வாரமே ஆனவர்கள், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கிறவர்கள், உடம்பு மிகவும் கனத்தவர்கள், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்கள். இவர்களெல்லாம் டிக்கெட் வாங்குவதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஐந்தடி மூன்று அங்குலத்துக்குக் குறைந்த உயரமுள்ளவர்களுக்கு விமானத்தில் ஆபத்து கொஞ்சம் கூடுதல். நம் தாய்மார்களில் பலர் அந்த உயரந்தானே! பாதம் தரையில் படாமல் தொங்கும், ஆசனத்தின் விளிம்பு தொடையை அழுத்தும். லண்டன் நாற்காலிக் கதையேதான். இதற்குச் செலவில்லாத வழி உண்டு. கைப்பையைக் காலுக்குக் கீழே வைத்து அதன்மேல் பாதத்தை ஊன்றிக் கொள்ளுங்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் பையை முன் ஆசனத்துக்கு அடியில் தள்ளி விடுங்கள்.

மற்றபடி, உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குங்கள், பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். பழைய தையல் மெஷின் மிதிப்பது போலத்தான். அரை மணிக்கு ஒரு தடவை இருபது முப்பது முறை மிதித்தால் போதும். மணிக்கு ஒரு தரம் எழுந்து நடைபாதையில் ஒரு நடை நடந்து வாருங்கள். கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டாம். இடுப்பை இறுக்கும் பாவாடை நாடா, இறுக்கமான சிலுவார், புதுச் செருப்பு இவையும் வேண்டாம். முடிந்தால் நடைபாதையோரத்து ஆசனத்தைக் கேட்டு வாங்குங்கள். ஜன்னல் ஓரத்தைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்து விடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம் பெண்கள் பிடிவாதம். கழிவறைக்குப் போக வெட்கப்பட்டு, காலையிலிருந்தே ஒரு மிடறுகூடக் குடிக்காமல் வருகிறார்கள். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. தொண்டையும் தோலும் காய்ந்து போகும், தலை வலிக்கும். கழிவறையைப் பற்றித் தெரியாததுதான் பாதி பயம், ஆகவே சொல்லி விடுகிறேன். பெரும்பாலும் நடுவில் மடியும் கதவுதான். மத்தியில் அழுத்தினால் உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினால்தான் விளக்கு நன்றாக எரியும். வேலை முடிந்து பொத்தானை அமுக்கினால் 'உஸ்'ஸென்று பெரிய சத்தம் வரும். அது காற்று இழுக்கும் சத்தம், பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் இருப்பவர் தூங்கினாலும் தோளைத் தொட்டு எழுப்பலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள். அவருக்கும் எழுந்து நிற்பது நல்லதுதான்.

தூக்க மாத்திரையும் மதுவும் ஏன் கூடாது என்பது இப்போது புரிந்திருக்கும். இரண்டும் மனிதனைக் கட்டை மாதிரி ஒரே நிலையில் கிடத்தி விடும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று ஆஸ்பிரின் மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்கவும் வேண்டாம். குடல் புண் இருந்தால் இரத்தம் கசியும். முழங்கால் வரை போடும் இறுக்கமான காலுறை சிலருக்கு நல்ல பலன் தரும், ஆனால் டாக்டரோ நர்ஸோ அளவெடுத்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும்.

இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருந்தைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். பெட்டி தவறினால் மருந்தும் தவறும். இன்சுலின் சரக்கு அறையின் குளிரில் உறைந்து கெட்டும் போகலாம். எல்லாம் கைப்பையில், கடை உறையோடு, டாக்டர் கடிதத்தோடு இருக்கட்டும். தங்கும் நாளுக்கு மேல் ஒரு வார மருந்து கூடுதலாக இருப்பது நல்லது. ஆகவே அரசாங்க கிளினிக்கில் இரண்டு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். தமிழ்நாட்டு நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால்தான், ஊசி நேரத்தில் பெரிய மாற்றம் இராது. லண்டனுக்கு ஏழெட்டு மணி வித்தியாசம். அதை டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். சாப்பாடு தாமதமானால் கடிக்க நாலு பிஸ்கட்டும் பையில் இருக்கட்டும்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போலத்தான் இருக்கும். கெந்திங் மலை ஏறக்குறைய 6,000 அடி. அங்கே மூச்சு வாங்குகிறவர்கள், நெஞ்சு வியாதிக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. வயிற்றிலுள்ள வாயுவும் அங்கே விரியும், ஆதலால் முதல் நாள் கடலைக் குழம்பைத் தள்ளி வையுங்கள். காது அடைப்புக்குப் புளிப்பு மிட்டாய் சப்பினால் போதும். கைக்குழந்தைக்கு விமானம் இறங்கும் நேரத்தில் பால் கொடுங்கள்.

இறங்கியபின் இரண்டு பாதமும் சமமாக வீங்கியிருந்தால் காலை உயர்த்தி வைத்துப் படுங்கள், ஓரிரு நாளில் வடிந்து விடும். ஒரே காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி, சூடு என்றால் அது வேறு விஷயம். மஸ்ஜித் தானா பக்கம் வெளிக்காட்டு வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, திருச்சியிலிருந்து திரும்பிய ஆறாம் நாள் இடது காலை ஊன்ற முடியாமல் வந்தார். சுளுக்கு என்று நினைத்து வீட்டில் இரண்டு நாள் தைலம் போட்டு உருவி விட்டிருக்கிறார்கள். அன்றே மலாக்கா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஸ்கேனில் தொடை வரைக்கும் இரத்தக் கட்டி. பல மாதம் மருந்து சாப்பிட்டு இப்போது நடமாடுகிறார். அப்படி வீங்கிய காலை உருவவே கூடாது, கட்டி இடம் பெயரலாம். மூச்சு முட்டுதல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் இரத்தம் என்று வந்தால் காடிக்குக் காத்திராமல் 999-ஐக் கூப்பிடுங்கள்.

வந்து இறங்கிச் சில வாரங்கள் கழித்துக்கூட இது தலைகாட்டும். அப்போது பிரயாணம் செய்ததே நினைவிராது, வைத்தியம் பார்ப்பவருக்கும் தெரியாது. ஆகவே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அவர்கள் கேட்காவிட்டாலும், "இத்தனாம் தேதி விமானத்தில் வந்தேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லி விடுங்கள்.