சாமி படத்திலே யார் முகம்?

தோட்டத்தை விட்டு வெளியேறும் நாளன்று ஒரு குடும்பம் எதை லாரியில் ஏற்றுகிறது, எதை லயத்திலேயே விட்டுவிட்டுப் போகிறது என்பதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். கட்டில், அலமாரி, தையல் இயந்திரம், கோழிக்கூண்டு வரைக்கும் ஏறிவிடும். கடைசியில் சுவரிலே மாட்டிய சாமி படங்கள்தாம் மிஞ்சி நிற்கும். அவற்றை என்ன செய்வது என்பதிலேதான் வீட்டுக்கு வீடு சண்டை.

சில ஆண்டுகளுக்கு முன்பு பேராக்கில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். நிலம் கைமாறிவிட்டது. கடைசி லயத்தில் மிஞ்சியிருந்த குடும்பங்களுக்குப் பக்கத்துப் பட்டணத்திலே அடுக்குமாடி வீடு கிடைத்திருந்தது. ஒரு வீட்டு வாசலிலே லாரி நின்றது. உள்ளே எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி, கண்ணாடி போட்ட படம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். சுவரிலே இன்னும் ஏழு படங்கள்.

பேரன் பொறுமை இழந்துவிட்டான்.

“பாட்டி, புது வீட்டுல இவ்வளவு படம் மாட்ட இடமில்ல. ஒண்ணு போதும். அதுவும் நீ மடியில வச்சிருக்கிறது மாரியாத்தா இல்ல, கே.ஆர்.விஜயா! மூஞ்சியைப் பாரு, அப்படியே இருக்கு!”

லாரிக்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

“யாரா இருந்தா என்னடா? நாப்பது வருசத்துக்கு மேல இவகிட்டத்தானே அழுதிருக்கேன். ஒரு நாளாச்சும், நான் நடிகை, நீ வேற எடம் பாருன்னு சொன்னாளா?”

நாமும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தப் பேச்சு நம்மை விடவில்லை. பேரன் சொன்னதில் உண்மை இருக்கலாம். பாட்டி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அப்படியானால், தலைமுறை தலைமுறையாக நாம் ஊதுவத்தி காட்டிவரும் படங்களிலே இருப்பது யார் முகம்? அந்த முகம் எந்த வழியாக நம் லயத்துச் சுவருக்கு வந்து சேர்ந்தது?

கல்லிலே அச்சான லட்சுமி

தாமரை மேல் நிற்கும் நாலு கை லட்சுமி. வீணை மீட்டும் சரஸ்வதி. சேலை கட்டி, நகை போட்டு, நம் அக்கம் பக்கத்துப் பெண்ணைப் போன்ற முகம். கோயில் சிலையில் இந்தச் சாயல் கிடையாது. இதை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தவர்களில் முதன்மையானவர் கேரளத்துக் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவி வர்மா (1848–1906). மேல்நாட்டு எண்ணெய் வண்ண முறையைக் கற்று, தெய்வங்களை உயிருள்ள மனிதர்களைப் போல வரைந்தவர் அவர்.

அரண்மனைக்கு மட்டும் வரைந்துகொண்டிருந்தால் நம் கதைக்கு அவர் வந்திருக்க மாட்டார். 1894இல் பம்பாயிலே ஓர் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வந்தது, தொழில் தெரிந்த ஆட்களும் வந்தார்கள். அந்தக் காலத்து வண்ண அச்சு கல்லச்சு. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லிலே கொழுப்பு மையால் படத்தை வரைவார்கள். சிவப்புக்கு ஒரு கல், மஞ்சளுக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல் என்று நிறத்துக்கு நிறம் தனிக் கல். ஒரே தாளை ஒவ்வொரு கல்லாக அழுத்தி எடுக்க வேண்டும். கல் கொஞ்சம் நகர்ந்தால் போச்சு. லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்!

அச்சகம் அவருக்கு லாபம் தரவில்லை. கடைசியில் அதை ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரிடம் விற்றுவிட்டார். ஆனால் படங்கள் நிற்கவில்லை. நம் கொள்ளுப்பாட்டிமார் கும்பிட்ட லட்சுமிக்கு ஒரு ஜெர்மன்காரரும் கைகொடுத்திருக்கிறார் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

சிரித்துவிட்டு ஒரு நிமிடம் யோசிப்போம். அந்தக் காலத்திலே நம் முன்னோர் பலருக்குப் பிறந்த ஊர்க் கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லை. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936இல். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் தலைவர்களுடன் சேர்ந்து நுழைந்தது 1939இல். அதற்கு முன்பே கப்பலேறி இங்கு பால்மரம் வெட்ட வந்துவிட்டவர்கள் எத்தனை பேர்! ஊரிலே கோபுரத்தைத் தூரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, இந்தக் காகித லட்சுமி வீட்டுக்குள்ளேயே வந்து நின்றாள். காசு கொடுத்தவர் வீட்டுக்கெல்லாம் வந்தாள். நீ என்ன சாதி என்று அவள் கேட்கவில்லை.

கோவில்பட்டிக் கைகள்

ரவி வர்மாவுக்குப் பிறகு நம் சுவர்களை நிறைத்தவர் கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணாசிரமத்திலே சில காலம் இருந்தவர். பிறகு நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதப் போனார். அப்படி ஊர் ஊராகச் சுற்றியவர் 1940களிலே கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அங்கே அவருக்குச் சீடர்கள் சேர்ந்தார்கள். குருவும் சீடர்களுமாக வரைந்த முருகனும் மீனாட்சியும் கஜலட்சுமியும் பக்கத்துச் சிவகாசியிலே அச்சாகி, காலண்டராக உலகமெல்லாம் போயின.

வீட்டிலே பழைய காலண்டர் படம் இருந்தால் உற்றுப் பாருங்கள். சாமிக்குப் பின்னாலே தூண்கள், தொங்கும் பட்டுத்திரை, தூரத்திலே ஒரு குளம், ஒரு மலை. இது எங்கேயோ பார்த்தது போல இருக்கிறதே? ஆம், நாடக மேடைதான்! திரைச்சீலை எழுதிய கை சாமி படத்துக்கும் அதே அழகைக் கொடுத்துவிட்டது. ஆக, சினிமா வருவதற்கு முன்பே நம் சாமிகள் மேடை ஏறிவிட்டார்கள்.

சிவகாசி கதையும் வேடிக்கையானது. 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அந்த அச்சகங்களே பிறகு காலண்டர் அடித்தன. பட்டாசும் அங்கேதான். லட்சுமி வெடி என்று ஒன்று உண்டே, அதன் மேல் சுற்றிய தாளிலே லட்சுமி படம்! பூசை அறையிலே கும்பிட்ட அதே முகத்தைத் தெருவிலே வைத்துத் திரி கொளுத்தி, சுக்குநூறாக்கி, மறுநாள் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினோம். சாமி படம் போட்டு வெடி செய்யலாமா என்று தமிழ்நாட்டிலே பிற்காலத்தில் எதிர்ப்பு எழுந்தது. அதுவரைக்கும் யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

திடலுக்கு வந்த தெய்வங்கள்

நம் தோட்டங்களுக்கு அடுத்து வந்தது சினிமா. திடலிலே இரண்டு கம்பு நட்டு, வெள்ளைத் துணி கட்டி, பாய் விரித்துப் பார்த்த காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘திருவிளையாடல்’ (1965) வந்தது. அதன் பிறகு பலருக்குச் சிவபெருமான் என்றாலே சிவாஜி கணேசனின் கண்ணும் குரலும்தான். ‘துணைவன்’ (1969) படத்திலே குழந்தை முருகனாக வந்தது ஒரு பெண் குழந்தை. பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஸ்ரீதேவி. ‘ஆதி பராசக்தி’ (1971)யிலே தேவியாக வந்தவர் ஜெயலலிதா. அம்மன் வேடம் என்றால் கே.ஆர்.விஜயா என்று பிறகு பெயராகிவிட்டது. வேப்பிலையோடு அம்மன் திரையிலே தோன்றும்போது கூட்டத்திலே நாலு பேருக்கு மருள் வந்துவிடும். துணித்திரைக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தப் போய், படம் காட்ட வந்தவர் “ஐயோ, துணி, துணி!” என்று அலறிக்கொண்டு ஓடி வந்ததை நாம் கண்ணாரப் பார்த்திருக்கிறோம்.

இது தமிழர்களுக்கு மட்டும் உள்ள பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். 1975இல் ‘ஜெய் சந்தோஷி மா’ என்ற சின்ன முதலீட்டு இந்திப் படம் வெளிவந்தது. அதற்கு முன் அந்த அம்மனைப் பலருக்குத் தெரியாது. படம் ஓடிய கொட்டகைகளிலே ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். திரையை நோக்கிப் பூவும் காசும் வீசினார்கள். பதினாறு வெள்ளிக்கிழமை விரதம் பரவியது. படையலுக்கு வேண்டியது வெல்லமும் கடலையும் மட்டும். புளிப்பு ஆகாது. பட்டுச்சேலையும் பால்குடமும் இல்லாத ஏழைப் பெண்ணால் செய்யக்கூடிய விரதம். அந்தச் சின்னப் படம் பெரும் வெற்றி பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

முகம் ஓட்டுக் கேட்டால்?

தெலுங்குத் திரையிலே கிருஷ்ணன் என்றால் என்.டி.ராமராவ். ‘மாயா பஜார்’ (1957) தொடங்கிப் பல படங்களில் மயிலிறகு சூடினார். தமிழிலும் ‘கர்ணன்’ (1964) படத்துக் கண்ணன் அவர்தான். அவர் முகத்தோடு கிருஷ்ணன் காலண்டர் வந்தது. திருப்பதிக்குப் போன யாத்திரிகர்கள் சென்னைக்கும் வந்து அவர் வீட்டு வாசலிலே நின்று தரிசித்துவிட்டுப் போனார்கள். 1982இல் கட்சி தொடங்கினார். 1983இல் ஆந்திர முதலமைச்சர்! பராசக்தியாக நடித்த ஜெயலலிதாவும் 1991இல் தமிழக முதல்வரானார்.

1987இல் இந்தியத் தொலைக்காட்சியிலே ‘ராமாயண்’ தொடர் ஆரம்பித்தது. ஞாயிறு காலையில் தெருக்கள் வெறிச்சோடின. பெட்டிக்கே மாலை போட்டுப் பொட்டு வைத்தவர்கள் உண்டு. ராமனாக நடித்த அருண் கோவில் ஒருமுறை படப்பிடிப்பு இடைவேளையிலே சிகரெட் பிடித்தாராம். “உன்னைச் சாமி என்று நினைக்கிறோம், நீ இதைச் செய்யலாமா?” என்று ஒருவர் வந்து திட்டித் தீர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சீதையும் ராவணனும் 1991 தேர்தலிலே நாடாளுமன்றம் போனார்கள். ராமன் 2024இல் போனார்.

இங்கேதான் நாம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. சுவரிலே இருக்கும் முகம் நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. நம் துக்கத்தை நாம் சொல்ல, அது கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். அதே முகம் மேடை ஏறி ஓட்டுக் கேட்கும்போது, கேட்பவர் மனிதர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கற்பூரத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஐயா, எங்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்கத் தெரிய வேண்டும்.

படத்தின் பின்பக்கம்

பாட்டியின் கதைக்கு வருவோம். சண்டை ஓய்ந்து, சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். எல்லாவற்றிலும் பழையது ஒரு முருகன் படம். நிறம் வெளுத்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அதைக் குப்பைப் பக்கம் வைக்கப் போன பேரன், பின்பலகை கழன்று விழவும் குனிந்து பார்த்தான்.

பலகையின் உட்புறத்திலே பென்சில் எழுத்து. ஆறு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே தமிழ் மாதம், தேதி, கிழமை. நான்காவது பெயருக்குப் பக்கத்திலே ஒரு சிறிய சிலுவைக்கோடு.

“என்ன பாட்டி இது?”

“ஒங்க தாத்தா எழுதுனது. புள்ளைங்க பொறந்தா அன்னிக்கே எழுதிடுவாரு. காகிதம் வச்சா கரையான் தின்னுடும், சாமிக்குப் பின்னால வச்சா யாரும் தொடமாட்டாங்கன்னு சொல்வாரு. அந்த நாலாவது... அது ஒங்க பெரியத்தை. காய்ச்சல்ல போயிடுச்சு.”

பேரன் அந்தப் பெயரை அதுவரை கேட்டதே இல்லை. ஒன்றும் பேசாமல் பலகையைத் துடைத்தான்.

பாட்டி நம்மைப் பார்த்துச் சொன்னார்: “இந்த முருகன் என் மாமனார் வாங்குனதுங்க ஐயா. சேலத்துப் பக்கம் அவங்க ஊர்ல, கோயில் தெருவுல செருப்புப் போட்டு நடக்கக்கூட விடமாட்டாங்களாம். இங்க வந்து மொதச் சம்பளத்துல டவுனுக்குப் போயி இதத்தான் வாங்குனாராம். அரிசி வாங்குனது அதுக்கப்புறம்தானாம்.”

லாரியிலே கடைசியாக ஏறியவை மூன்று படங்கள்: முருகன், பாட்டியின் மடியிலிருந்த அம்மன், ஒரு லட்சுமி. மற்ற ஐந்தையும் தோட்டத்துக் கோயில் அரச மரத்தடியிலே சாய்த்து வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுப் புறப்பட்டார்கள். அந்தக் கோயிலும் எத்தனை நாளைக்கோ என்று பூசாரி முணுமுணுத்தது நம் காதிலே விழுந்தது.

வாசகர்களுக்கு நாம் கேட்டுக்கொள்வது இதுதான். பழைய படங்களை மரத்தடியில் விடுவதும் ஆற்றில் விடுவதும் நம் வழக்கம். விடுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். பிள்ளைகள் காலைக் கிழிக்கும். பின்பலகையைத் திறந்து பாருங்கள். பென்சில் எழுத்து, பழைய ரசீது, தாத்தாவின் புகைப்படம் ஏதாவது இருக்கலாம். வைத்துக்கொள்ளும் படத்தின் பின்னாலே, அதை வாங்கியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று நீங்களே எழுதி வையுங்கள். பிள்ளைகள் அதிலே நடிகை முகத்தைக் கண்டு சிரித்தால் சிரிக்கட்டும். நாமும் சேர்ந்து சிரிப்போம். பிறகு படத்தைத் திருப்பிக் காட்டி, அதை வாங்கியவர் கதையையும் சொல்லுவோம்.