விளையாட்டு அறிவியல் படிக்கவும் உதவித்தொகை உண்டு

மைதானத்தில் முன்னிற்கும் மாணவர்கள் பலர் பன்னிரண்டாம் வகுப்போடு விளையாட்டை விட்டுவிடுகின்றனர். அதைப் பட்டப்படிப்பாகவும் படிக்கலாம், அதற்கு உதவித்தொகையும் உண்டு என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இத்துறைக்கென்றே அமைந்தது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர் இளநிலைப் படிப்பில் சேர்ந்தால், மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கும். மூன்றாண்டுகளில் இது ரூ.36,000. பதக்கம் வென்றிருக்க வேண்டியதில்லை. வேறு உதவித்தொகை பெறுபவரும் இதைப் பெறலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு.

மாதாந்திரத் தொகை முதல் பட்டத்துக்கு மட்டுமே, முதுநிலைக்குக் கிடையாது. பட்டம் பெற்றபின் படிப்பது பி.பி.எட். ஆகவே விளையாட்டில் ஆர்வமுள்ளவர் இளநிலையிலேயே உடற்கல்வியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, வருமானச் சான்று, சாதிச் சான்று, படித்த பள்ளிகளின் விவரம் ஆகியவை சரியாக உள்ளனவா என்று மாற்றுச் சான்றிதழ் வழங்கும் முன்பே பார்த்துவிடுவோம். தாள் ஒன்று குறைந்ததால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாது.