ஃபாலூன் செம்புச் சுரங்கம்

ஸ்வீடன் தேசத்தின் தலார்னா மாகாணத்தில், ஃபாலூன் நகரத்தின் ஓரமாக, ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழத்துக்கு வாய் பிளந்து கிடக்கும் பெருங்குழியை இன்று காண்பவர்கள், 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உற்பத்தியான செம்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்த மண்ணிலிருந்தே புறப்பட்டது என்றால் சற்றே தயங்கித்தான் நம்புவார்கள். வெஸ்டராஸ் நகரத்து மேற்றிராணியார் இச்சுரங்கத்தின் எட்டில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றதாக 1288-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று கூறுகிறது. 1347-இல் அரசர் மாக்னஸ் எரிக்ஸன் சுரங்கத்தாருக்குச் சட்டமும் சலுகைகளும் வகுத்துப் பட்டயம் வழங்கினார். 1650-இல் உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் மூவாயிரம் டன் என்ற உச்சத்தை எட்டியது. வெள்ளிக்குப் பதிலாகச் செம்புத் தகடுகளையே நாணயமாக வெளியிடவும் ஸ்வீடன் துணிந்தது. 1644-இல் வெளிவந்த பத்து டாலர் தகடு ஒவ்வொன்றும் இருபது கிலோவை நெருங்கிய எடை கொண்டது!

இந்த ஐசுவரியத்துக்கு முதல் பலி கானகம். பாறையின்மீது விறகை அடுக்கித் தீமூட்டி, வெப்பத்தால் வெடிப்புண்ட கல்லைப் பெயர்த்தெடுத்து, அதில் கலந்திருந்த கந்தகம் நீங்கும்படி தாதுவைத் திறந்த வெளியில் வாரக்கணக்காக வறுத்து, பின்னர் உலையிலிட்டு உருக்குவதே அக்காலத்து முறையாதலால், விறகுக்கும் கரிக்கும் மரங்கள் வெட்டுண்டது ஒருபுறமிருக்க, எழுந்த நச்சுப் புகை சுற்றுப்புறத்துத் தாவரங்களைக் கருக்கிவிட்டது. 1734-இல் அங்கே சென்ற தாவர சாஸ்திரி லின்னேயஸ் இந்தப் புகையின் கொடுமையையும் சுரங்கத்தின் பயங்கரத்தையும் தம் குறிப்புகளில் எழுதி வைத்தார்.

பங்குதாரர்கள் பலரும் ஒரு பொதுத் திட்டமின்றித் தத்தம் போக்கில் குடைந்துகொண்டே போனதன் விளைவாக, 1687-ஆம் ஆண்டு கோடைத் திருநாளையொட்டிச் சுரங்கத்தின் சுவர்கள் சரிந்து விழுந்தன. தொழிலாளருக்கு அன்று விடுமுறையாக இருந்தமையால் ஓர் உயிரும் போகவில்லை. அந்தச் சரிவு விட்டுச்சென்ற பள்ளமே இன்றைய பெருங்குழி.

செம்பு குறைந்தபின், கழிவென ஒதுக்கிய இரும்புச் சத்துள்ள மண்ணிலிருந்து காய்ச்சிய செஞ்சாயம் பிரசித்தி பெற்றது. ஸ்வீடன் கிராமங்களின் மரவீடுகளுக்கு அடையாளமாகிவிட்ட செந்நிறம் அதுவே; காட்டை எரித்த சுரங்கமே மரவீட்டைக் காக்கும் பூச்சையும் அளித்தது காலத்தின் விசித்திரம்.

1992-இல் சுரங்கம் மூடப்பட்டது. 2001-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தபோது, குழியையும் பழைய கட்டடங்களையும் மட்டுமின்றி, தொழிலாளர் குடியிருப்புகளையும் சுற்றியுள்ள நிலப்பரப்பையும் சேர்த்தே ஏற்றது. அருகிலுள்ள ஏரிகளின் அடிமண்ணில் பல நூற்றாண்டுகளின் உலோக மாசு இன்னும் படிந்திருக்கிறது. சுரங்கத்தின் லாபத்தைச் சரித்திரமாக எழுதும் எந்தத் தேசமும், நிலமும் நீரும் செலுத்திய விலையையும் அதே ஏட்டில் எழுதிவைக்க வேண்டும். அதை மறைக்கும் பெருமை பாதிப் பெருமையே.