572 ரூபாய் பெடல்: எங்கே செலவு, எங்கே கோளாறு

1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றை நாஷ்வில்லில் பதிவு செய்தபோது, மிக்சிங் மேசையின் ஒரு சேனல் பழுதாகி பேஸ் கிட்டார் கரகரத்தது. அந்தக் கரகரப்பு எல்லோருக்கும் பிடித்துப்போக, 1962-ல் அதை உருவாக்கும் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற கிட்டார் பெடலே கடைக்கு வந்துவிட்டது. டிஸ்டார்ஷன் சர்க்யூட்டின் சிக்கல் இந்தப் பிறப்பிலேயே இருக்கிறது. கெட்ட சத்தத்தைத்தான் நாம் கேட்டு வாங்குகிறோம். அப்புறம் எது கேட்டு வாங்கிய கரகரப்பு, எது கோளாறு என்று காதை மட்டும் நம்பி எப்படிச் சொல்வது? எண்களால்தான் சொல்ல முடியும்.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் இருந்து பெடல் கட்டுகிறவருக்கு இன்னொரு எண்ணும் உண்டு. எலக்ட்ரானிக் சாமான் கிடைக்கும் பெங்களூரு எஸ்.பி. ரோடு சுமார் 100 கிலோமீட்டர். ஒரு ரூபாய் டயோடு போனாலும் ஒரு பகல் போகும்.

கணக்குக்கு டிஓடி 250 என்ற பெடலின் வகைச் சர்க்யூட்டை எடுத்துக்கொள்வோம். விலைகள் உத்தேசம்தான், கடைக்குக் கடை மாறும். 741 ஐசியும் அதன் சாக்கெட்டும் 18 ரூபாய், எட்டு ரெசிஸ்டர் 8, ஆறு கெப்பாசிட்டர் 12, இரண்டு 1என்4148 டயோடு 2. ஆக 40 ரூபாய். சத்தத்தை உருவாக்குவது இவ்வளவுதான். அலுமினியப் பெட்டி 250, கால் சுவிட்ச் 100, ஜாக் சாக்கெட் இரண்டு 60, வால்யூம் கன்ட்ரோல் இரண்டு 40, குமிழ்கள் 20, போர்டு 25, பேட்டரி 30, அதன் கிளிப் 5, எல்இடி 2. மொத்தம் 572. பெட்டி, சுவிட்ச், ஜாக் மூன்றுக்கு மட்டும் 410 ரூபாய், அதாவது 72 சதவீதம். கோளாறும் பெரும்பாலும் அந்தப் பக்கமே வரும். சுவிட்சில் மட்டும் 9 கால்கள். எல்லாம் சேர்த்தால் சால்டர் வைக்கும் இடங்கள் 64. அவற்றில் ஒன்று சரியாக ஒட்டாமல் டிரை சால்டர் ஆனாலும் பெடல் ஊமையாகிவிடலாம். ஆகவே ஐசியைச் சந்தேகிக்கும் முன் ஜாக்கையும் சுவிட்சையும் பாருங்கள்.

அடுத்து வோல்டேஜ். ஐசியின் 7-வது காலில் 9 வோல்ட், 4-வதில் 0, 6-வதில் 4.5 இருக்க வேண்டும். 6-வது கால் 8-க்கோ 1-க்கோ போய் நின்றுவிட்டால், 3-வது காலுக்கு வரும் 470 கிலோஓம் ரெசிஸ்டர் சரியாக ஒட்டவில்லை, அல்லது ஐசி போய்விட்டது. இங்கே ஒரு பொறி உண்டு. 200 ரூபாய் மஞ்சள் மல்டிமீட்டரின் உள்தடை 1 மெகாஓம்தான். அதை 3-வது காலில் வைத்தால், எல்லாம் சரியாக இருந்தாலும் 4.5-க்குப் பதில் 3 வோல்ட்தான் காட்டும். மீட்டரே வோல்டேஜை இழுத்துவிடுகிறது. அதைப் பார்த்து நல்ல ஐசியைக் கழற்றி எறிய வேண்டாம். 6-வது காலில் அளந்தால் உண்மை தெரியும்.

கெயினை முழுக்கத் திருப்பினால் 1 மெகாஓமை 4.7 கிலோஓமால் வகுத்து 1 கூட்ட வேண்டும்: சுமார் 214 மடங்கு. கிட்டார் தரும் 100 மில்லிவோல்ட் 21 வோல்ட் ஆக வேண்டும், ஆனால் பேட்டரியோ 9. ஐசியே ஒரு முறை வெட்டிவிடும். மீதியை டயோடுகள் இரு பக்கமும் 0.6 வோல்ட்டில் வெட்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டரை டயோடு நிலையில் வைத்து, அந்த ஜோடியை முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். இரண்டு தடவையும் 600 வாக்கில் வந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் வந்தால் இரண்டையும் ஒரே திசையில் வைத்திருக்கிறீர்கள், அல்லது ஒன்று திறந்துபோயிருக்கிறது. 000 வந்தால் ஷார்ட். சத்தம் வராததற்குக் காரணமும் அதுவே.

அடாப்டர் போட்டதும் 'உம்' என்று இரைகிறதா? பேட்டரிக்கு மாற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது அடாப்டரின் 100 ஹெர்ட்ஸ் அலை. சப்ளையில் பாதியான 4.5 வோல்ட் புள்ளியில் இருக்கும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் அந்த அலையை ஏறக்குறைய 140-ல் ஒரு பங்காகக் குறைக்கிறது. அது இல்லாவிட்டால் பாதிதான் குறையும். இரைச்சல் 70 மடங்கு. இத்தனையும் 2 ரூபாய்ப் பொருள் செய்கிற வேலை.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்பவர்கள் எல்இடியைப் பார்க்க வேண்டும். சர்க்யூட் முழுக்க 2 மில்லிஆம்பியர் எடுக்கும்போது, 1 கிலோஓம் போட்ட எல்இடி மட்டும் 7 எடுக்கிறது. 4.7 கிலோஓமுக்கு மாற்றினால் 1.5-ல் அடங்கும். 400 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி சுமார் 44 மணி நேரத்துக்குப் பதில் 110 மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

நுண்ணிய துடிப்பைப் பெருக்கிப் பிடிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-ல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடிய பிறகு, ஊரில் பலருக்குப் பிழைப்பு பெங்களூரு ரயிலில்தான். அவர்களில் யாரிடமாவது சாமான் சீட்டு கொடுத்தனுப்பும்போது சாக்கெட்டோடு ஐசி, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டயோடு எல்லாவற்றிலும் இன்னொரு செட், ஒரு ஜாக், ஒரு மல்டிமீட்டர் சேர்த்து எழுதுங்கள். உபரி 70 ரூபாய், மீட்டர் 200. எல்லாம் சேர்ந்து 842 ரூபாய்.