பழைய மரப் படகு: விலை வார்னிஷில் இல்லை, அடிப்பலகையில்!

ஐம்பது, அறுபது வருடங்களாகக் கொட்டகையொன்றில் கிடந்த ஒரு மரப் படகு. அதன் அருகில் துருப்பிடித்த ஓர் எஞ்சின். நமது பகுதிகளில் இவற்றுக்கு விலை கேட்டால் ஒன்று விறகுக்கும் மற்றையது பழைய இரும்புக் கடைக்கும் போய்ச் சேரும். ஆனால் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இத்தகைய படகுகளைத் தேடிப் பிடித்து, பழைய நிலைக்குக் கொண்டுவந்து விற்பது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. அத்தொழிலில் பணம் எங்கிருந்து வருகின்றது, எங்கே தொலைகின்றது என்பதை விளங்கிக் கொள்வது, பழைய வாகனம், பழைய தளபாடம், பழைய இயந்திரம் என எதை வாங்கி விற்பவருக்கும் பயன்தரக் கூடியதாகும்.

எப்படி உருவானது இந்தச் சந்தை?

மிச்சிகன் மாநிலத்தின் அல்கோனாக் நகரில் கிறிஸ் ஸ்மித் என்பவரும் அவரது புதல்வர்களும் 1922ஆம் ஆண்டு ஆரம்பித்த படகுக் கம்பனியே பின்னர் கிறிஸ்-கிராஃப்ட் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. மஹோகனிப் பலகையும் பளபளக்கும் வார்னிஷும் அப்படகுகளின் அடையாளமாக விளங்கின.

அவுட்போர்ட் மோட்டார் எனப்படும் வெளியிணைப்பு இயந்திரத்தை ஒரு வெற்றிகரமான வியாபாரமாக மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஒலே எவின்ரூட். நோர்வேயில் 1877இல் பிறந்து, சிறு வயதில் அமெரிக்காவில் குடியேறிய இவர், 1909இல் மில்வோக்கி நகரில் தனது இயந்திரத்தை விற்பனைக்கு விட்டார். ஒன்றரைக் குதிரை வலு கொண்ட அந்த இயந்திரத்தின் எடை சுமார் 28 கிலோ, விலை 62 டொலர். பட்டறையை அவர் பார்த்துக்கொள்ள, அலுவலகத்தையும் விளம்பரத்தையும் அவரது மனைவி பெஸ் கவனித்தார். பின்னர் 1921இல் அலுமினியத்தைப் பயன்படுத்தி, எடை குறைந்த எல்ட்டோ என்ற இயந்திரத்தையும் இத்தம்பதியினர் சந்தைக்குக் கொண்டு வந்தனர். எவின்ரூட் இயந்திரங்களின் உற்பத்தி 2020இல் முடிவுக்கு வந்தது.

1950களின் பிற்பகுதியிலிருந்து ஃபைபர் கிளாஸ் படகுகள் சந்தையைப் பிடிக்கத் தொடங்கின. வருடாவருடம் சுரண்டி வார்னிஷ் பூச வேண்டிய மரப் படகை வைத்திருக்கப் பலர் விரும்பவில்லை. எரிக்கப்பட்டவை போக, ஏரிக்கரை வீடுகளின் படகுக் கொட்டகைகளில் கிடந்தவை தப்பித்தன. அவை நன்னீர் ஏரிகளில் ஓடியவை. கடல் நீரில் மரத்தைத் துளைக்கும் புழுக்களின் தொல்லை அவற்றுக்கு இருக்கவில்லை.

அவ்வாறு தப்பியவற்றைத் தேடியவர்கள் காலப்போக்கில் ஒன்று சேர்ந்தனர். பழைய வெளியிணைப்பு இயந்திரங்களுக்கான சங்கம் 1965இலும், பழைய படகுகளுக்கான சங்கம் 1975இலும் அமெரிக்காவில் உருவாகின. எது பழைமையானது, எது பேணப்பட்டது, எது மீளமைக்கப்பட்டது என்பதற்கு இவர்கள் விதிகளை வகுத்தனர். விதி வந்த பிறகுதான் விலை வந்தது. ஒரு பொருளைத் தரம் பிரிக்கப் பொதுவான அளவுகோல் இல்லாத இடத்தில் நிலையான சந்தை உருவாகாது என்பதற்கு இது நல்லதோர் உதாரணமாகும்.

மரத்துக்குள் என்ன இருக்கின்றது?

மரப் படகின் எதிரி ஆற்று நீரோ ஏரி நீரோ அல்ல, மழை நீர். மூடியின் ஓட்டை வழியாக உள்ளே சொட்டி, காற்றுப் படாத மூலைகளில் தேங்கும் மழை நீரே மரத்தை உக்க வைக்கின்றது. எனவே அனுபவமுள்ளவர்கள் மேற்பலகையின் பளபளப்பைப் பார்ப்பதில்லை. கூரிய கருவியொன்றை எடுத்து, ஏரா எனப்படும் அடிமரம், வங்கு எனப்படும் விலாச் சட்டங்கள், எஞ்சின் பக்கத்துப் பின்பலகை ஆகியவற்றைக் குத்திப் பார்க்கின்றார்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். உக்கிய மரத்தில் கருவி இலகுவாக இறங்கும்.

கிறிஸ்-கிராஃப்ட் போன்ற படகுகளின் அடிப்பாகம் இரண்டு அடுக்குப் பலகைகளால் ஆனது. இரண்டுக்கும் இடையில் பசை ஊட்டப்பட்ட கித்தான் துணி இருக்கும். பல தசாப்தங்களுக்குப் பின்னர் அந்தத் துணி உக்கி, பலகைகளைப் பிடித்திருக்கும் திருகாணிகளும் பலமிழந்து விடுகின்றன. பித்தளை ஆணியாக இருந்தால், அதிலுள்ள நாகம் கரைந்து போய், வெளியே ஆணி போலத் தெரிந்தாலும் உள்ளே உறுதியற்றதாகி விடும். ஆகவே அடிப்பாகத்தை முழுமையாகக் கழற்றி, புதிய பலகையும் சிலிக்கன் வெண்கல ஆணியும் இட்டுக் கட்டுவது பெரும்பாலான மீளமைப்புக்களில் தவிர்க்க முடியாத வேலையாகும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையே மிக அதிக கூலியை விழுங்குகின்றது.

மரத்தின் பெயரிலும் கவனம் தேவை. அப்படகுகள் பலவற்றில் பயன்பட்ட ‘பிலிப்பைன் மஹோகனி’ என்பது ஒரு வியாபாரப் பெயர் மாத்திரமே. தாவரவியல்படி அது உண்மையான மஹோகனி இனத்தைச் சேர்ந்ததல்ல. மத்திய, தென் அமெரிக்காவின் உண்மையான மஹோகனியோ 2003ஆம் ஆண்டிலிருந்து சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. உரிய அனுமதிப் பத்திரமின்றி அதனை ஏற்றுமதி செய்ய முடியாது. பலகை வாங்குபவர் பெயரைக் கேட்டால் போதாது, இனத்தையும் கேட்க வேண்டும்.

எஞ்சின் சொல்லும் உண்மை

பழைய வெளியிணைப்பு இயந்திரங்கள் எளிமையானவை. நமது கரையோரங்களில் மீன்பிடிப் படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர்களுக்கு இதன் அடிப்படைகள் புதியவை அல்ல. முதலில் பறக்கும் சில்லு கையால் சுழல்கின்றதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது அமுக்கம், அதன் பின் பிளக்கில் தீப்பொறி. 1950களின் ஜோன்சன், எவின்ரூட் இயந்திரங்களில் தீப்பொறி வராமைக்குப் பெரும்பாலும் வெடித்துப்போன கொயில்தான் காரணம். ஒரே வகைக் கொயில் பல மாதிரிகளுக்குப் பொருந்துவதால் மாற்றுக் கொயில்கள் இன்றும் கிடைக்கின்றன. கியர்ப் பெட்டியின் ஒயில் பால் போல வெண்மையாக இருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என்று பொருள். குளிரூட்டும் நீரை இழுக்கும் இறப்பர்ச் சக்கரத்தை மாற்றாமல் எஞ்சினை ஓட்டிப் பார்க்கவே கூடாது.

பெற்றோலுடன் கலக்கும் ஒயிலின் அளவு மற்றொரு பொறி. 1950களின் மேற்சொன்ன இயந்திரங்களுக்கு 24 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில் தேவை. பழைய பிரிட்டிஷ் சீகல் இயந்திரங்களுக்கு 10 பங்குக்கு 1 பங்கு என்றே விதிக்கப்பட்டிருந்தது. பிற்கால இயந்திரங்களுக்குரிய 50க்கு 1 என்ற கணக்கை இவற்றுக்குப் பயன்படுத்தினால், பல மாத உழைப்பு சிறிது நேரத்தில் வீணாகி விடும்.

இலாபம் யாருக்கு?

விளங்கிக் கொள்வதற்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 5,000 டொலருக்கு ஒரு படகை வாங்குகின்றார். அடிப்பாகத்தை மாற்றி, சட்டங்களைச் சீராக்கி, வார்னிஷ் முடிக்க 600 மணித்தியாலங்கள் எடுப்பதாக வைத்துக் கொள்வோம். மணித்தியாலத்துக்கு 80 டொலர் எனில் கூலி மட்டும் 48,000 டொலர். மரம், ஆணி, குரோம் பூச்சு, ஆசனம், எஞ்சின் வேலை என்பவற்றுக்கு மேலும் 20,000 டொலர். மொத்தம் 73,000 டொலர். அதே வகைப் படகு சந்தையில் 45,000 டொலருக்கு விலை போகுமானால் நட்டம் 28,000 டொலர்!

குறைந்த விலைக்குக் கிடைத்ததே என்று வாங்குபவர் பெரும்பாலும் இப்படித்தான் அகப்பட்டுக் கொள்கின்றார். இத்தொழிலில் உறுதியான வருமானம் பெறுவோர் படகின் உரிமையாளர்கள் அல்லர். மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்யும் தச்சர்கள், கேஸ்கட் முதல் பெயர்ச் சின்னம் வரை உதிரிப்பாகங்களை மீண்டும் தயாரிப்போர், படகைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்போர் ஆகியோரே அவர்கள். இத்தாலியின் ரீவா அக்வராமா போன்ற அரிய படகுகள் மட்டுமே செலவைத் தாண்டிய விலையை எட்டக் கூடியவை. மற்றவர்களுக்கு இது ஆசைக்குச் செய்யும் செலவு. ஆசைக்குச் செலவு செய்வதில் தவறில்லை, ஆனால் அதனை முதலீடு என்று கணக்கில் எழுதக் கூடாது.

ஏட்டிலுள்ளதும் மறைத்து விற்பதும்

கிறிஸ்-கிராஃப்ட் படகு ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. அது எந்த எஞ்சினுடன், எந்த முகவருக்கு அனுப்பப்பட்டது போன்ற விபரங்கள் கம்பனியின் அட்டைகளில் பதியப்பட்டன. அந்த அட்டைகள் இன்று வேர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரிலுள்ள கடலோடிகள் நூதனசாலையில் பாதுகாக்கப்படுகின்றன. அன்று ஒரு எழுதுவினைஞர் கடமைக்காக எழுதிய குறிப்பு, இன்று ஒரு படகு அசலா என்பதைத் தீர்மானிக்கின்றது. நமது கடைகளில் பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் குப்பையில் போடுபவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பலகைகளில் பெரும்பகுதி மாற்றப்பட்ட ஒரு படகை, மாற்றப்பட்டது என்று சொல்லி விற்பது நேர்மையான வியாபாரம். உக்கிய சட்டத்தின் மேல் பசையை நிரப்பி, அதன் மேல் பத்துப் பூச்சு வார்னிஷ் அடித்து, அசல் என்று விற்பது மோசடி. அது விலையோடு முடிவதுமில்லை. அப்படகு ஏரியின் நடுவில் பிளந்தால் அதிலிருப்பது ஒரு குடும்பம்.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, மேலே காய்ந்ததும் உள்ளே ஈரமுமாக இருந்ததைக் கண்டு, அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அனைவரும் அறிந்ததே. விற்கும் முன்பே பொருளில் இருந்த குறை பின்னர் தெரிய வந்தால், வாங்கியவர் அதனைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை இஸ்லாமிய சட்டம் ‘கியாருல் அய்ப்’ என்ற பெயரில் வழங்கியுள்ளது. வார்னிஷ் பூசிய படகுக்கும், மீற்றரைக் குறைத்த வாகனத்துக்கும் சட்டம் ஒன்றுதான்.

பழைய பொருள் வாங்கப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதை மாற்றினீர்கள்? எதை மாற்றவில்லை? அதற்கான ஆவணம் எங்கே? இம்மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்கினாலும் நட்டமில்லை. அதே கேள்விகளுக்கு நீங்களும் பதிலைத் தயாராக வைத்திருந்தால், உங்கள் பொருளுக்கும் உரிய விலை கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.